துருக்கிய ஆவணங்களை ஆங்கிலத்தில் சான்றளித்து மொழிபெயர்த்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துருக்கியில் வாங்கிய பிறப்பு, திருமண, நீதிமன்ற, கல்வி ஆவணங்களைப் பிரிட்டன், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா அலுவலகங்களில் கொடுக்க வேண்டியவர்களுக்கான பக்கம் இது. துருக்கியர்கள், துருக்கியரை மணந்தவர்கள், அங்கே படித்தோ வேலை பார்த்தோ வந்த நம்மவர்கள் என யாராக இருந்தாலும் இடறும் இடங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். ஆங்கில நடை சரியில்லை என்று ஒரு கோப்பு திரும்பி வருவது அரிது. தவறான ஆவணத்தை எடுத்தது, ஓரத்து முத்திரையை விட்டது, பெயரில் ஓரெழுத்து மாறியது, இவைதான் வழக்கமான காரணங்கள்.

சான்றளித்த மொழிபெயர்ப்பு என்பது சரியாக எது?

முழு மொழிபெயர்ப்பு, அதோடு மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்ட ஒரு சான்றுரை. "இது மூலத்தின் முழுமையான, பிழையற்ற மொழிபெயர்ப்பு, இரு மொழியும் எனக்குத் தெரியும்" என்பதுதான் சான்றுரையின் சாரம்.

துருக்கியில் இதற்கு வேறொரு முறை இருக்கிறது. அங்கே மொழிபெயர்ப்பாளர் ஒரு நோட்டரி முன் உறுதிமொழி எடுத்துக்கொள்கிறார். 'யெமின்லி தெர்ஜுமான்' என்று அவரைச் சொல்வார்கள். அந்த உறுதிமொழிப் பதிவு குறிப்பிட்ட நோட்டரி அலுவலகத்தில்தான் இருக்கும். ஆகவே தெருக்கோடியில் உள்ள வேறொரு நோட்டரியிடம் அதே தாளை நீட்டினால் முத்திரை விழாது. இன்னொன்றையும் புரிந்துகொள்ள வேண்டும்: நோட்டரி ஆங்கிலத்தைச் சரிபார்ப்பதில்லை. தன்னிடம் உறுதிமொழி எடுத்தவர் செய்த வேலை என்பதற்குத்தான் அவர் முத்திரை. பெயர் தவறாக இருந்தாலும் முத்திரை அழகாகவே விழும்.

எந்த நாடு எதைக் கேட்கிறது?

பிரிட்டனில் உறுதிமொழி மொழிபெயர்ப்பாளர் என்ற பதவியே இல்லை. விசா விண்ணப்பத்துக்கான மொழிபெயர்ப்பில் நான்கு விஷயங்கள் இருக்க வேண்டும்: மூலத்தின் துல்லியமான மொழிபெயர்ப்பு என்ற உறுதி, மொழிபெயர்த்த தேதி, மொழிபெயர்ப்பாளரின் முழுப் பெயரும் கையெழுத்தும், தொடர்பு விவரம். உள்நாட்டில் இருந்தபடி தங்கும் அனுமதியை நீட்டிப்பவர்களும் நிரந்தரத் தங்கும் அனுமதிக்குப் போகிறவர்களும் மொழிபெயர்ப்பாளரின் தகுதி விவரத்தையும் சேர்த்துவிடுவது நல்லது. ஐடிஐ, சிஐஓஎல் போன்ற பிரிட்டன் மொழிபெயர்ப்பாளர் அமைப்புகளின் உறுப்பினர் எண் இருந்தால் கேள்வி எழாது.

அமெரிக்கக் குடியேற்றத் துறையான யூஎஸ்சிஐஎஸ் பின்பற்றும் விதி, கூட்டாட்சி ஒழுங்குமுறைத் தொகுப்பின் 8ஆம் தலைப்பில் 103.2 பிரிவு. முழு மொழிபெயர்ப்பு, அது முழுமையானது, துல்லியமானது என்ற உறுதி, துருக்கிய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கும் திறன் தனக்கு உண்டு என்ற உறுதி. அவ்வளவுதான் கேட்கிறது, நோட்டரி முத்திரை வேண்டும் என்று அதில் இல்லை. ஆனால் 'திறன் உண்டு' என்ற வரி விடுபட்டால் கூடுதல் ஆதாரம் கேட்டுக் கடிதம் வந்துவிடும். குடியேற்ற விசாவின் தூதரகக் கட்டத்தில் இன்னொரு விதி: எந்த நாட்டிலிருந்து விண்ணப்பிக்கிறீர்களோ அந்நாட்டு ஆட்சிமொழியில் உள்ள ஆவணத்துக்கு மொழிபெயர்ப்பு கேட்பதில்லை. துருக்கியில் இருந்து விண்ணப்பிக்கிறவர் பலர் தேவையில்லாமல் செலவு செய்யும் இடம் இது.

கனடாவில்தான் கெடுபிடி அதிகம். மாகாண மொழிபெயர்ப்பாளர் சங்கம் சான்றளித்தவர் செய்ய வேண்டும். அப்படிப்பட்டவர் இல்லையென்றால், மொழிபெயர்த்தவர் பிரமாண வாக்குமூலம் தர வேண்டும். விண்ணப்பதாரரோ அவருடைய பெற்றோர், துணைவர், உடன்பிறந்தவர் தொடங்கி அத்தை மாமா பிள்ளைகள் வரையிலான உறவினரோ செய்யக்கூடாது. அவர்கள் தொழில்முறை மொழிபெயர்ப்பாளராக இருந்தாலும் கூடாது.

ஆஸ்திரேலியாவுக்குள் செய்தால், மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சான்றளிக்கும் அந்நாட்டு அமைப்பான நாட்டியின் அங்கீகாரம் பெற்றவர் வேண்டும். வெளிநாட்டில் செய்தால் அது கட்டாயமில்லை. ஆனால் மொழிபெயர்ப்பாளரின் பெயர், முகவரி, தொலைபேசி எண், அந்த மொழியில் அவருக்குள்ள தகுதியும் அனுபவமும் ஆங்கிலத்தில் எழுதியிருக்க வேண்டும்.

அப்படியானால் துருக்கியில் நோட்டரி முத்திரையோடு செய்தது வீணா?

வீணில்லை, போதாமல் போகலாம். நோட்டரியின் குறிப்பு துருக்கிய மொழியிலேயே இருக்கும். மொழிபெயர்ப்பாளரின் தொலைபேசி எண்ணோ, ஆங்கிலச் சான்றுரையோ அதில் இருக்காது. பிரிட்டன் அதிகாரிக்கு அந்த முத்திரையைவிட, "இவரை எங்கே தொடர்புகொள்வது" என்ற வரிதான் முக்கியம். துருக்கியில் செய்கிறீர்கள் என்றால், நோட்டரிக்குப் போகும் முன்பே மொழிபெயர்ப்பின் அடியில் ஆங்கிலச் சான்றுரையைச் சேர்க்கச் சொல்லுங்கள். பிறகு நோட்டரி முத்திரை வேண்டுமா என்று யோசியுங்கள். பல நேரங்களில் நோட்டரிக் கட்டணம் மொழிபெயர்ப்புக் கூலியைத் தாண்டும்.

அபோஸ்டில் யார் தருவார்? எந்த வரிசையில்?

அபோஸ்டில் என்பது ஓர் ஆவணத்தில் உள்ள கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை என்று வெளிநாட்டுப் பயன்பாட்டுக்காக அரசு தரும் சான்று. இதற்கான 1961ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் துருக்கி 1985 முதல் இருக்கிறது. பிறப்புப் பதிவு, பட்டம், நோட்டரி ஆவணம் போன்ற நிர்வாகத் தாள்களுக்கு மாகாண ஆளுநர் அலுவலகமான வாலிலிக், அல்லது வட்ட நிர்வாக அலுவலகமான கய்மகாம்லிக். நீதிமன்றத் தாள்களுக்கு நீதிமன்ற வளாகத்தில் உள்ள நீதித்துறை ஆணையம். தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு கய்மகாம்லிக்கில் வரிசையில் நின்றால் நேரம்தான் போகும்.

வரிசை இரண்டு வகை. மூலத்தின் மேலேயே அபோஸ்டில் வாங்கி, பிறகு அபோஸ்டிலையும் சேர்த்து மொழிபெயர்ப்பது ஒன்று. மொழிபெயர்த்து, நோட்டரி முத்திரை பெற்று, அந்த நோட்டரி கையெழுத்துக்கு அபோஸ்டில் வாங்குவது மற்றொன்று. இரண்டாவது வகையில் அபோஸ்டில் உறுதிசெய்வது நோட்டரியின் கையெழுத்தை மட்டுமே. உங்கள் பிறப்புப் பதிவு உண்மையானது என்பதை அல்ல. பெறுகிற அலுவலகம் "ஆவணத்துக்கு அபோஸ்டில்" என்று எழுதியிருந்தால் முதல் வகைதான். சாதாரண பிரிட்டன் விசாவுக்கும் யூஎஸ்சிஐஎஸ் விண்ணப்பத்துக்கும் இரண்டுமே பொதுவாகத் தேவைப்படாது.

வெளிநாட்டில் உள்ள துருக்கியத் துணைத் தூதரகம் கொடுத்த தாளுக்கு அபோஸ்டில் கிடைக்காது. தூதரக அதிகாரிகள் தரும் ஆவணங்களை அந்த உடன்படிக்கையே விலக்கி வைத்திருக்கிறது.

பிறப்புச் சான்றுக்கு எந்தத் தாளை எடுப்பது?

அதிகம் குழம்பும் கேள்வி இதுதான். துருக்கியில் ஆளுக்கொரு பிறப்புச் சான்றிதழ் என்ற ஏற்பாட்டைவிடக் குடும்பப் பதிவேடு முக்கியமானது. அதிலிருந்து எடுக்கும் தாள் 'நுஃபுஸ் கயித் ஓர்னேயி'. மாவட்ட மக்கள்தொகைப் பதிவு அலுவலகத்திலோ, துருக்கி அரசின் இணையச் சேவைத் தளமான இ-தெவ்லெத்திலோ கிடைக்கும்.

அதில் சுருக்கமானது உண்டு. 'வுகுவாத்லி' எனப்படும், நிகழ்வுகளோடு கூடிய விரிவானதும் உண்டு. திருமணம், விவாகரத்து, பெயர்மாற்றம், நீதிமன்றத் திருத்தம் எல்லாம் வருவது விரிவானதில்தான். குடும்ப உறவை நிரூபிக்கச் சுருக்கத் தாளைக் கொடுத்தால் விண்ணப்பதாரரின் வரி மட்டுமே இருக்கும். பெற்றோர், பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். அமெரிக்கக் குடியேற்ற விசாவுக்கு 'தாம் தெக்மில்' என்ற முழு வடிவத்தை எடுங்கள். 'துஷுன்ஜெலெர்' என்ற குறிப்புப் பத்தி நிரம்பியிருக்கிறதா என்று பார்த்தே அலுவலகத்தை விட்டு வெளியே வாருங்கள்.

இன்னொரு தாள் ஃபோர்முல் ஏ. 1976இல் வியன்னாவில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி வரும் பன்மொழிப் பிறப்புப் படிவம் இது. திருமணத்துக்கு ஃபோர்முல் பி, இறப்புக்கு ஃபோர்முல் சி. தலைப்புகள் ஆங்கிலம் உட்படப் பல மொழிகளில் அச்சாகியிருக்கும்.

ஃபோர்முல் ஏயில் ஆங்கிலம் இருக்கும்போது மொழிபெயர்ப்பு எதற்கு?

அந்த உடன்படிக்கையில் உள்ள நாடுகளுக்கு, உதாரணமாக ஜெர்மனிக்கு, எதற்குமே தேவையில்லை, அபோஸ்டிலும் வேண்டாம். பிரிட்டனும் அமெரிக்காவும் அதில் இல்லை. தலைப்புகள் புரிவதால் பல இடங்களில் அப்படியே வாங்கிக்கொள்வார்கள். ஆனால் முத்திரை, அதிகாரியின் பதவி, குறிப்புகள் துருக்கிய மொழியில் இருக்கும். அதைச் சுட்டிக்காட்டித் திருப்பவும் இடமுண்டு. ஒரு பக்கத் தாள்தான். சந்தேகம் இருந்தால் மொழிபெயர்த்துவிடுங்கள்.

குடும்பப் பதிவேட்டுத் தாளில் எங்கெல்லாம் தவறு நேரும்?

முதலில் தேதிகள். ஒரே வரியில் பிறந்த தேதியும் 'தெஸ்ஜில்' எனும் பதிவுத் தேதியும் இருக்கும். கிராமங்களில் பிறந்த பழைய தலைமுறையினருக்கு இவை இரண்டுக்கும் நடுவே மாதங்கள், ஏன் ஆண்டுகள்கூட இடைவெளி இருக்கும். பத்தி மாறி எழுதினால் ஆளின் வயதே மாறிவிடும். பிறந்த நாளும் மாதமும் தெரியாதவர்களுக்கு ஜூலை 1 என்று கொள்வது துருக்கியச் சட்டம். ஒரு குடும்பத்தில் நான்கு பேருக்கு 01.07 வந்தால் அது தட்டச்சுப் பிழையில்லை.

அடுத்தது பதிவிடம். 'பதிவான இடம்' வேறு, 'பிறந்த இடம்' வேறு. இஸ்தான்புல்லில் பிறந்தவரின் குடும்பப் பதிவு சிவாஸில் இருக்கலாம். திருமணமான பெண்ணின் பதிவு கணவர் குடும்பத்தின் பக்கத்துக்கு மாறும். அப்பா வீட்டுப் பக்கத்தில் அவருடைய வரி 'மூடப்பட்டது' என்று வரும். இதை அப்படியே ஆங்கிலத்தில் போட்டால் ஏதோ பதிவு ரத்தானதுபோலத் தெரிகிறது. திருமணத்தால் மூடப்பட்டது என்ற காரணம் குறிப்புப் பத்தியில் இருக்கும். அதையும் விடாமல் எழுத வேண்டும்.

பாலினப் பத்தியில் 'இ' ஆண், 'கே' பெண். துருக்கிய மொழியில் மணமானவர் என்ற சொல்லும் அதே இ எழுத்தில்தான் தொடங்குகிறது என்பதால் அவசரத்தில் குழப்பம் வரும். திருமண நிலையில் 'துல்' என்றால் துணையை இழந்தவர், விவாகரத்தானவர் அல்ல. இந்த ஒரு சொல்லைத் தப்பாகப் போட்டால், இல்லாத விவாகரத்துத் தீர்ப்பைக் கொண்டுவரச் சொல்வார்கள்.

தொகுதி எண், குடும்ப வரிசை எண், தனிநபர் வரிசை எண், 11 இலக்க அடையாள எண், அடியில் உள்ள பார்கோடு எண் எல்லாம் இலக்கம் தவறாமல் வர வேண்டும். வெளிநாட்டினரின் அடையாள எண் 99 என்று தொடங்கும். அங்கே வசித்த இந்தியர், இலங்கையர் தாள்களில் அதைப் பார்க்கலாம்.

பெயரில் உள்ள துருக்கிய எழுத்துகளை என்ன செய்வது?

மூலத்தில் உள்ளபடியே விடுங்கள். புள்ளியுள்ள ஐ, புள்ளியில்லாத ஐ இரண்டும் வெவ்வேறு எழுத்துகள். வாலுள்ள எஸ், தொப்பியுள்ள ஜி, இரட்டைப் புள்ளி வைத்த ஓ, யூ எல்லாமே அப்படித்தான். ஒலிக்காக எஸ்ஸோடு எச் சேர்த்து எழுதுவது பெரிய தவறு. பாஸ்போர்ட்டில் அப்படி இருக்காது. பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் வரியில் வால், தொப்பி இல்லாத எழுத்துகள் வரும். இரண்டும் ஒரே ஆள்தான் என்று மொழிபெயர்ப்பாளர் குறிப்பில் ஒரு வரி போட்டால் போதும்.

ஸ்கேன் செய்து எழுத்துணரி மென்பொருளில் ஏற்றும்போது வால்கள் உதிர்ந்துபோகும். பெரிய எழுத்துக்கு மாற்றும் கட்டளையும் நம்பத்தக்கதல்ல: துருக்கிய மொழி அமைப்பு இல்லாத கணினி புள்ளியுள்ள ஐயைப் புள்ளியில்லாததாக மாற்றிவிடும். பெயர்களைக் கையால் தட்டி, பாஸ்போர்ட்டோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுவதே வழி.

ஊர்ப் பெயர் பாஸ்போர்ட்டில் ஒன்று, பதிவில் ஒன்று என்றால்?

பெரும்பாலும் ஊர்தான் பெயர் மாறியிருக்கும். மாராஷ் 1973இல் கஹ்ரமான்மாராஷ் ஆனது. உர்ஃபா 1984இல் ஷான்லிஉர்ஃபா. இச்செல் மாகாணம் 2002இல் மெர்சின். 2012இன் 6360ஆம் எண் சட்டத்தால் பெருநகர மாகாணங்களில் இருந்த கிராமங்கள் 2014 உள்ளாட்சித் தேர்தலோடு 'மஹல்லே' எனும் பேட்டைகளாயின. ஆகவே பழைய தாளில் கிராமம், புதிய தாளில் பேட்டை. மொழிபெயர்ப்பில் எந்தத் தாளில் எது உள்ளதோ அதையே எழுதி, அடைப்புக்குறிக்குள் குறிப்பு தரலாம். தெரு, பேட்டைப் பெயர்களை ஆங்கிலமாக்கக்கூடாது. 'குடியரசுத் தெரு' என்று முகவரியில் போட்டால் தபால்காரருக்கும் புரியாது, அதிகாரிக்கும் புரியாது.

தேதியில் மாதத்தை எழுத்தில் போடுங்கள். 03.04.1990 என்பது ஏப்ரல் 3. அமெரிக்க அதிகாரி மார்ச் 4 என்று படிப்பார். 1926க்கு முந்தைய பதிவுகளின் நகலில் ரூமி ஆண்டு இருந்தால், உதாரணமாக 1341, அதை அப்படியே எழுதி, 1925க்கு இணை என்று குறிப்பில் சொல்ல வேண்டும். சத்தமில்லாமல் மாற்றி எழுதக்கூடாது.

விவாகரத்துத் தீர்ப்பில் எதைக் கவனிக்க வேண்டும்?

'கெசின்லெஷ்மே ஷெர்ஹி'. தீர்ப்பு இறுதியானது என்று நீதிமன்ற அலுவலகம் போடும் குறிப்பு அது. தீர்ப்பு சொன்ன நாளில் திருமணம் முறிவதில்லை. காரணங்களோடு எழுதிய தீர்ப்பு இரு தரப்புக்கும் சேர்ந்தபின் 2 வார மேல்முறையீட்டுக் காலம் ஓட வேண்டும், அல்லது இருவரும் மேல்முறையீட்டைக் கைவிட வேண்டும். அதன்பிறகுதான் இறுதி. இந்தக் குறிப்பு கடைசிப் பக்கத்திலோ பின்புறத்திலோ தனித் தாளிலோ இருக்கும். ஸ்கேன் செய்யும்போது தவறிப்போவது இதுதான். இது இல்லாமல் மறுமணப் பதிவுக்கோ துணைவர் விசாவுக்கோ போனால் கோப்பு அங்கேயே நிற்கும். தீர்ப்புத் தேதி, இறுதியான தேதி இரண்டும் மொழிபெயர்ப்பில் தனித்தனியாகத் தெரிய வேண்டும்.

தீர்ப்பு நீளமானது, முடிவை மட்டும் மொழிபெயர்க்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். பெறுகிற அலுவலகம் சுருக்கத்தை ஏற்பதாக எழுத்தில் சொன்னால் ஒழிய வேண்டாம்.

திருமணத்தை நிரூபிக்க, மணமுடித்ததும் கொடுக்கும் சிறு குடும்பப் புத்தகம் போதுமா?

குடும்பப் புத்தகம் வீட்டில் வைக்கும் ஆவணம். அதற்குப் பிறகு நடந்தது அதில் இருக்காது. ஃபோர்முல் பியோ புதிதாக எடுத்த வுகுவாத்லி தாளோ மேல். மனைவியின் முந்தைய குடும்பப்பெயர் எங்காவது வருகிறதா என்று பாருங்கள். அவருடைய பட்டமும் பிறப்புப் பதிவும் அந்தப் பெயரில்தான் இருக்கும்.

குற்றப்பதிவுச் சான்று?

'அத்லி சிஜில் கய்தி'. இதில் நடப்புப் பதிவு ஒன்று, ஆவணக் காப்பகமான 'அர்ஷிவ்' பதிவு ஒன்று என இரண்டு வரி. இரண்டுமே வெளிநாட்டுக்கு வேண்டும். நடப்பு வரி மட்டும் உள்ள தாள் திரும்பி வரும். எடுக்கும்போது எங்கே கொடுக்கப் போகிறீர்கள் என்று இ-தெவ்லெத் தளம் கேட்கும். அந்தத் தேர்வும் தாளில் அச்சாகும் என்பதால் யோசித்துத் தேர்ந்தெடுங்கள்.

துருக்கியில் வேலை பார்த்துவிட்டுக் கனடாவுக்கு விண்ணப்பிக்கும் நம்மவர்களுக்கு இது அவசியம்: 18 வயதுக்குப் பின், கடந்த 10 ஆண்டுகளில் தொடர்ந்து 6 மாதமோ அதற்கு மேலோ வசித்த ஒவ்வொரு நாட்டின் சான்றையும் கனடா கேட்கிறது. துருக்கியை விட்டுக் கிளம்பும் முன் இ-தெவ்லெத் கடவுச்சொல்லைச் செயலில் வைத்திருப்பவருக்கு வேலை சில நிமிடம். இல்லாதவர் துருக்கியத் தூதரகத்துக்கு அலைய வேண்டும்.

பட்டம், மதிப்பெண் தாள்?

முதலில் பல்கலைக்கழகத்திடம் ஆங்கிலப் படி கேளுங்கள். பல பல்கலைக்கழகங்கள் தருகின்றன. மொழிபெயர்ப்பதென்றால் மூன்று பொறிகள்: 'லிசான்ஸ்' என்பது இளநிலைப் பட்டம், உரிமம் அல்ல. 'ஓன்லிசான்ஸ்' இரண்டாண்டுப் படிப்பு. 'யுக்செக்ஒகுல்' உயர்கல்வி நிறுவனம். உயர்நிலைப் பள்ளிக்கு அங்கே 'லிசே' என்று பெயர். இதை மாற்றிப் போட்டு, பட்டதாரியைப் பள்ளிப் படிப்போடு நிறுத்திய மொழிபெயர்ப்புகள் உண்டு.

மதிப்பெண்ணை வேறு நாட்டு அளவுக்கு மாற்றுவது மொழிபெயர்ப்பாளர் வேலையல்ல. அதற்கு மதிப்பீட்டு நிறுவனங்கள் இருக்கின்றன.

வங்கிக் கணக்கு, சம்பளச் சீட்டு?

துருக்கியில் 1.250,00 என்றால் ஆயிரத்து இருநூற்று ஐம்பது. புள்ளி ஆயிரத்துக்கு, காற்புள்ளி தசமத்துக்கு. அப்படியே விட்டால் ஆங்கில வாசகர் ஒன்றேகால் லிரா என்று படிக்க வாய்ப்புண்டு. ஆவணம் முழுக்க ஒரே முறையில் மாற்றி, மாற்றியதைக் குறிப்பில் சொல்லுங்கள். 'போர்ச்' பற்று, 'அலஜாக்' வரவு. கடன், வரவேண்டிய பாக்கி என்று அகராதியைப் பார்த்து எழுதினால் கணக்கு தலைகீழாகும்.

இ-தெவ்லெத்தில் அச்சிட்ட தாள் மூலமாகுமா?

துருக்கிக்குள் ஆகும், பார்கோடு எண்ணைப் போட்டு யாரும் சரிபார்க்கலாம். வெளியே பலர் ஏற்கிறார்கள். சிலர் ஈர முத்திரை, அதாவது மையில் நேரடியாகக் குத்திய முத்திரை கேட்பார்கள். அப்போது அலுவலகத்தில் கையெழுத்தோடு வாங்க வேண்டும். பிடிஎஃப் கோப்பை அப்படியே வைத்திருங்கள். அச்சிட்டு, மடித்து, போனில் படமெடுத்து அனுப்பினால் பார்கோடு படிக்காது.

மூலத்திலேயே பிழை இருந்தால் மொழிபெயர்ப்பில் திருத்தலாமா?

கூடாது. மூலத்தில் உள்ள பிழை மொழிபெயர்ப்பிலும் அப்படியே வரும், பக்கத்தில் 'மூலத்தில் உள்ளபடி' என்ற குறிப்போடு. பதிவு அலுவலகம் தன் எழுத்துப் பிழையைத் தானே திருத்தித் தரும். பிறந்த தேதி போன்றவற்றுக்கு நீதிமன்றம் போக வேண்டியிருக்கும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்பதால் விண்ணப்பத் தேதிக்கு வெகு முன்பே பாருங்கள்.

நானே மொழிபெயர்க்கலாமா?

கனடா தெளிவாக மறுக்கிறது. மற்ற இடங்களிலும் சொந்தக் கோப்புக்குத் தானே சாட்சி சொல்வதை யாரும் விரும்புவதில்லை.

கட்டணம் எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

துருக்கியில் பெரும்பாலும் இடைவெளி நீங்கலாக 1000 எழுத்துகள் ஒரு 'பக்கம்'. உங்கள் கையில் ஒரு தாள் இருந்தாலும் கணக்கில் இரண்டரைப் பக்கம் வரலாம். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் சொல்லுக்கோ ஆவணத்துக்கோ விலை. எதுவானாலும் நோட்டரி, அபோஸ்டில், தபால் செலவுகளைத் தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.

மொழிபெயர்ப்பாளரிடம் எதையெல்லாம் கொடுக்க வேண்டும்?

ஒவ்வொரு தாளின் இரு பக்கமும் 300 டிபிஐ ஸ்கேன், வெற்றுப் பின்பக்கம் உட்பட. பாஸ்போர்ட்டின் படப் பக்கம். எந்த நாட்டில், எந்த அலுவலகத்தில், எந்த விண்ணப்பத்துக்கு என்ற விவரம். கூடவே அந்த அலுவலகம் அனுப்பிய கடிதம் இருந்தால் அதுவும்.

திரும்பி வந்ததும் பார்க்க வேண்டியவை: பெயர், தேதி, எண்கள் மூலத்தோடு பொருந்துகின்றனவா, முத்திரை, கையெழுத்து, நிழற்படம் ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் சதுர அடைப்புக்குள் குறிக்கப்பட்டிருக்கிறதா, படிக்க முடியாத முத்திரையை அப்படியென்றே எழுதியிருக்கிறாரா, ஊகித்து நிரப்பினாரா, பக்க எண் 'மூன்றில் ஒன்று' என்ற முறையில் உள்ளதா, மூலத்தின் நகல் கூடவே இணைந்திருக்கிறதா.

மொழிபெயர்ப்புக்குக் காலாவதி உண்டா?

மொழிபெயர்ப்புக்கு இல்லை, மூலத்துக்கு உண்டு. குற்றப்பதிவு, குடும்பப் பதிவேடு போன்றவை சில மாதங்களுக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும் என்று அலுவலகங்கள் கேட்கும். புதிய தாள் எடுத்தால், வரிகள் ஒன்றாகவே இருந்தாலும், தேதியும் பார்கோடும் மாறியிருக்கும். பழைய மொழிபெயர்ப்பை அதோடு சேர்த்துக் குத்த முடியாது. அதே மொழிபெயர்ப்பாளரிடம் போனால் திருத்தத்துக்கான சிறு தொகையோடு முடியும்.